மாட்ரிட்டிலிருந்து ஒரே ஒரு நாள்: வலென்சியாவா, செவில்லாவா?

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் தங்கியிருக்கும்போது நடுவில் ஒரு நாள் கையில் கிடைக்கிறது. ஊர் பார்க்க வேண்டும், கடைவீதியில் அலைய வேண்டும், ருசியாகச் சாப்பிடவும் வேண்டும். கிழக்குக் கடலோரத்து வலென்சியாவுக்குப் போவதா, தெற்கே செவில்லாவுக்கா? இரண்டுக்கும் அதிவேக ரயில் உண்டு. செவில்லா பாதை 1992-லேயே வந்துவிட்டது, பயணம் சுமார் இரண்டரை மணி நேரம். 2010-ல் வந்த வலென்சியா பாதையில் வேகமான ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவிடும். போகவர சேர்த்தால் ஒரு மணி நேரம் மிச்சம்.

கண்ணுக்கு விருந்து மட்டும் போதுமென்றால் செவில்லாதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அல்காசர் அரண்மனையில் 14-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ மன்னர் பெத்ரோ தனக்காகக் கட்டிய மாளிகையின் சுவரெல்லாம் அரபு எழுத்து ஓடுகிறது. பக்கத்திலேயே பேராலயம். அதன் மணிக்கூண்டான கிரால்தா, ஒரு காலத்தில் மசூதியின் கோபுரம். மேலே ஏறப் படிக்கட்டுக்குப் பதில் 35 சரிவுப் பாதைகள், முழங்கால் வலிக்காரர்களும் மெல்ல ஏறிவிடலாம். அப்புறம் 1929 கண்காட்சிக்காகக் கட்டிய பெரிய சதுக்கம், பிளாசா தே எஸ்பான்யா.

சிக்கல் நேரத்தில்தான். அல்காசருக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். அதையும் பேராலயத்தையும் நிதானமாகப் பார்த்து வெளியே வந்தால் மதியம் இரண்டு. சியெர்பெஸ் தெருப் பக்கத்துச் சின்னக் கடைகள் பலவும் அப்போதுதான் ஷட்டரை இறக்கும், திறக்க ஐந்து மணி ஆகும். ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரி வெயிலில் அந்த மூன்று மணி நேரத்தைத் தள்ளுவது பெரும்பாடு.

வலென்சியாவில் நாள் சந்தையிலேயே தொடங்குகிறது. 1928-ல் திறந்த மெர்காடோ சென்ட்ரல், இரும்பும் கண்ணாடியும் பூ ஓடுமாய் நிற்கும் கட்டடம். குங்குமப்பூ, மிளகாய்ப் பொடி டப்பா, ஆரஞ்சு என்று பை நிரம்பிவிடும். மூன்று மணிக்குள் மூடிவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். எதிரிலேயே யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய பட்டு வணிக மண்டபம், லா லோன்ஹா. கயிறு முறுக்கியது போன்ற தூண்களைப் பார்க்கவே உள்ளே போக வேண்டும்.

வியாழக்கிழமை என்றால் பகல் 12 மணிக்குப் பேராலய வாசலுக்கு வந்துவிடுங்கள். வாய்க்கால் தண்ணீர்த் தகராறுகளை விவசாயிகளின் பிரதிநிதிகளே கேட்டு, வாய்மொழியாகவே தீர்ப்புச் சொல்லும் தண்ணீர் நீதிமன்றம் அங்கே கூடும். வழக்கு இல்லாத வாரம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மடைத் தண்ணீருக்கு ஊர் கூடிப் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சில நிமிடங்களே போதும், மனசு நிறைந்துவிடும்.

சாப்பாட்டிலும் வலென்சியாவின் கடிகாரம் நமக்குத் தோதானது. பயேயா இங்கே மதியச் சாப்பாடு. கோழி, முயல், பட்டை பீன்ஸ், பெரிய வெள்ளை மொச்சை போட்டு அகலச் சட்டியில் வேகும் சோறு. அடியில் பிடிக்கும் காந்தலுக்கு சொக்கர்ராத் என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள், அதைச் சுரண்டித் தின்பதுதான் ருசி. பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள். சாயங்காலம் ஓர்ச்சாத்தா குடியுங்கள். நம் கோரைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கிழங்கில் எடுக்கும் பால் அது.

சைவக்காரர்களுக்குச் செவில்லாவில் சீரகம் மணக்கும் கீரை-கொண்டைக்கடலை கிடைக்கும், அருமையாக இருக்கும். ஆனால் சின்னச் சின்னத் தட்டுகளில் பரிமாறும் அந்த ஊர் தப்பாஸ் கடைகள் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் களைகட்டும். நீங்களோ அதற்குள் ரயிலுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். கைவினைப் பொருளிலும் செவில்லா ஒரு படி மேல். ஆற்றுக்கு அக்கரையில் திரியானாவின் பீங்கான் ஓடுகளும், நடுஊரில் விசிறியும் பூவேலைச் சால்வையும் கடை கடையாக இருக்கும். வலென்சியாவில் கோலோன் தெருவின் பெரிய கடைகள் மதியமும் திறந்திருக்கும், ஆனால் அங்கே இருப்பவை எந்த ஊரிலும் கிடைக்கும் பிராண்டுகள்தான்.

அதனால் ஒரு ராத்திரி தங்க முடிந்தால் செவில்லா, அன்றே திரும்புவதானால் வலென்சியா. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். அன்று மெர்காடோ சென்ட்ரல் திறக்காது, இரண்டு ஊரிலும் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். ஊர் பார்ப்பது மட்டுமே மிஞ்சும் அந்த நாளில், அல்காசருக்கு டிக்கெட் கிடைத்தால் தயங்காமல் செவில்லா ரயிலில் ஏறிவிடுங்கள்.