ஃபேன் ஓடும் வீட்டுக்கு எந்த மைக்: டைனமிக்கா, கண்டென்சரா?

முப்பதாயிரம் ரூபாய்க்குள் வீட்டிலேயே பாட்டுப் பதிய ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றால், பாதி விஷயங்களில் யோசிக்கவே ஒன்றுமில்லை. இருக்கிற லேப்டாப் போதும். மென்பொருளுக்கு ரீப்பர் இருக்கிறது: 60 நாள் இலவசமாகப் பார்த்துவிட்டு, பிடித்தால் 60 டாலர் கட்டலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் சும்மாவே கிடைக்கும். காதை மூடுகிற ஹெட்போன் ஒன்று, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி ஒரு இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு ஸ்டாண்டு, கேபிள். சரி, முடிந்தது. மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது மைக்குக்குத்தான்.

என் முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று ஆடியோ டெக்னிக்கா ஏடி2020, கண்டென்சர் வகை: மின்சாரம் கொடுத்தால்தான் ஓடும், சத்தத்தை நுணுக்கமாகப் பிடிக்கும். இன்னொன்று ஷ்யூர் எஸ்எம்58, டைனமிக் வகை: காந்தமும் கம்பிச்சுருளும் வைத்தது, மின்சாரம் தேவையில்லை. இரண்டும் ஏறக்குறைய பத்தாயிரத்தை ஒட்டியவை. கடைக்குக் கடை முன்னே பின்னே இருக்கும். யாரைக் கேட்டாலும் "ஸ்டுடியோ என்றால் கண்டென்சர்தான்" என்றார்கள். நான் எஸ்எம்58 வாங்கினேன். இன்று வாங்கினாலும் அதையேதான் வாங்குவேன்.

காகிதத்தில் பார்த்தால் ஏடி2020க்குத்தான் வெற்றி. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். எஸ்எம்58 50 முதல் 15,000 வரைதான். மூச்சின் ஈரம், ஸகரத்தின் கூர்மை எல்லாம் கண்டென்சரில் துல்லியமாக விழும். சுவருக்குப் பஞ்சு அடித்து, கதவை அடைத்து, ஏசியையும் நிறுத்திய அறை உங்களிடம் இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், அதையே வாங்குங்கள்.

நம் வீடுகள் அப்படியில்லை. டைல்ஸ் தரை, வெறும் சிமெண்ட் சுவர், கிரில் போட்ட ஜன்னல், பக்கத்து வீட்டு மிக்ஸி. ஆடி மாதம் வந்துவிட்டால் கோயில் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்ளும். பதியும் நேரத்துக்கு ஃபேனை நிறுத்திவிடலாம், வியர்த்தாலும் பரவாயில்லை. வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியை நிறுத்த சுவிட்ச் கிடையாது. அந்த எதிரொலி ஒருமுறை குரலோடு பதிந்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது. அதனால்தான் மைக்கைவிட அறையைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை உண்டு. டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வெட்டிவிடும் என்பார்கள். அப்படி எந்த மாயமும் அதில் இல்லை. இரண்டு மைக்கையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்தால், குரலுக்கும் அறைச் சத்தத்துக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் வருவது தூரத்தில். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடும். 30 செ.மீ.யிலிருந்து 7.5 செ.மீ.க்கு வந்தால் 12 டெசிபெல். அறையின் சத்தமும் எதிரொலியும் இருந்த இடத்திலேயே இருக்கும், குரல் மட்டும் முன்னால் வந்து நிற்கும். 1966இல் மேடைப் பாடகர்களுக்கென்று வந்த எஸ்எம்58 உதட்டை ஒட்டிப் பாடுவதற்காகவே செய்யப்பட்டது. அதன் உருண்டை வலைக்குள்ளேயே நுரைப்பஞ்சு இருக்கிறது. ஏடி2020இல் அவ்வளவு நெருங்கினால் ஒவ்வொரு பகரமும் வெடிக்கும். அதைத் தடுக்க பாப் ஃபில்டர் (மைக்குக்கு முன்னால் வைக்கும் வலைத் தடுப்பு) வைத்தால், அதுவே உங்களைச் சில அங்குலம் தள்ளி நிற்க வைக்கும்.

இன்னொரு விஷயம். இரண்டுமே கார்டியாய்டு மைக்குகள், அதாவது முன்பக்கச் சத்தத்தை நன்றாகப் பிடிக்கும், பின்பக்கம் காது மந்தம். அதனால் மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்கட்டும். நீங்கள் ஜன்னலைப் பார்த்துப் பாடுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வையைக் கொடியில் தொங்கவிடுங்கள். மைக்கின் முகம் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். கடையில் விற்கும் மெல்லிய நுரைத் தகடுகளைவிட ஒரு நல்ல ரஜாய் அதிக வேலை செய்கிறது.

எஸ்எம்58க்கும் குறை உண்டு. அதே சத்தத்துக்கு ஏடி2020 தரும் சிக்னலில் ஏழில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இது தரும். கணக்குப் போட்டால் 17 டெசிபெலுக்கு மேல். நெருங்கிப் பாடுவதால் 12 திரும்பக் கிடைக்கிறது, மிச்சத்தை இன்டர்ஃபேஸ் ஏற்ற வேண்டும். நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் சோலோவின் 57 டெசிபெல் கெயின் (சிக்னலை ஏற்றும் அளவு), தொண்டை திறந்து பாடுபவருக்குப் போதும். மெல்லிய குரலில் கதை சொல்பவர் என்றால் 69 டெசிபெல் வரை போகும், அதே தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2 நல்லது. மலிவான இன்டர்ஃபேஸை முழுசாகத் திருகினால் உஸ்ஸென்ற இரைச்சல் பாட்டோடு சேர்ந்து வரும். நெருங்கிப் பாடும்போது அடிச்சத்தமும் ஊதும். கனத்த குரல் என்றால் மென்பொருளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலோர ஊர்களின் ஈரப்பதம் கண்டென்சருக்கு ஆகாது, பதிவில் படபடவென்ற சத்தம் வரத் தொடங்கலாம். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். எஸ்எம்58ஐ மேசை மேலேயே விடலாம். பழையது வாங்குபவர்கள் மட்டும் ஜாக்கிரதை, அதில் போலிகள் ஏராளம்.

வாத்தியம் என்றால் பேச்சு மாறும். அக்கூஸ்டிக் கிடாரை எஸ்எம்58இல் பதிந்தபோது கம்பியின் பளபளப்பு போய்விட்டது. வீணை, புல்லாங்குழல் பதிந்த அனுபவம் எனக்கு இல்லை, ஆனால் அவற்றுக்கும் கண்டென்சரைத்தான் முதலில் வைத்துப் பார்ப்பேன்.

இன்டர்ஃபேஸுக்கே காசில்லை என்பவர்கள் சாம்சன் க்யூ2யூவைப் பார்க்கலாம். டைனமிக் மைக், யூஎஸ்பி வழியாக நேரே லேப்டாப்பிலும் ஓடும், இன்டர்ஃபேஸில் செருகும் எக்ஸ்எல்ஆர் கேபிளிலும் ஓடும். பின்னாளில் இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதே மைக்கைச் செருகிக்கொள்ளலாம். ஏற்கெனவே கண்டென்சர் வாங்கிவிட்டவர்கள் அதை விற்க வேண்டியதில்லை. தெரு அடங்கிய பிறகு, போர்வையைத் தொங்கவிட்டு, ஒரு சாண் தூரத்தில், மைக்கைக் கொஞ்சம் சாய்த்து வைத்துப் பாடிப் பாருங்கள்.