செட்டிநாட்டுப் பழைய வீட்டில் நாமே சமைத்துத் தங்குவது: எங்கள் அனுபவம்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம், அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் செட்டிநாடு. இந்த முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடு வீடாக அலைய வேண்டாம் என்று, கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய நகரத்தார் வீட்டை எடுத்துத் தங்கினோம். ஹோட்டலாக மாற்றிய பெரிய வீடுகளும் அந்தப் பக்கம் இருக்கின்றன, அது வேறு கணக்கு. இங்கே ரூம் சர்வீஸ் கிடையாது, சாவியைக் கொடுத்துவிடுவார்கள், சமையல் நம் பாடு. அம்மாவுக்குச் சர்க்கரை, சின்னவனுக்குக் காரம் ஆகாது, அதனால் எங்களுக்கு அதுதான் தோதுப்பட்டது.

வீட்டைக் குறை சொல்ல வாய் வராது. முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள், உள்ளே வளவு என்கிற வானம் பார்த்த முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வெயிலில் சுற்றிவிட்டு வந்து ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலை வைத்தால் அப்படியே உட்கார்ந்துவிடத் தோன்றும். இந்தக் கல் சூளையில் சுட்டது இல்லை, கண்ணாடி மேல் வண்ணத்தை ஊற்றி சிமெண்ட்டை வைத்துக் கையால் செய்வது, புளிப்பு பட்டால் அதிலுள்ள பூ வேலை அரித்துப்போகும். சின்னவன் எலுமிச்சை ஜூஸைக் கொட்டியதும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஓடி வந்து துடைத்துவிட்டு, "பாத்ரூமுக்கு வாங்கின ஆசிட்ட மட்டும் இங்க ஊத்திராதீங்க தம்பி" என்றார்.

ஆனால் அடுப்படி இருக்கிறதே! முகப்பில் கண்ணாடி அலமாரி நிறைய வெளிநாட்டு எனாமல் பாத்திரங்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்கிறார்களே அந்த மாதிரி, தொடக் கூடாது என்று ஒரு அட்டை வேறு. சமைக்க வைத்திருந்ததோ மூடியில்லாத இரண்டு சட்டி, கைப்பிடி ஆடும் ஒரு குக்கர், வாஷர் போன மிக்ஸி ஜார். தோசைக்கல் இல்லை. செட்டிநாட்டில், தோசைக்கல் இல்லை! அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் அழகாகக் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள், படம் எடுக்க. சரி, காரைக்குடிக்குப் போய் ஒரு கல் வாங்கினோம், அன்று சாயங்காலமே கேஸ் தீர்ந்தது. ஸ்பேர் இல்லை. சிலிண்டர் கொண்டு வருபவரிடம் சொல்ல வேண்டிய எண் வீட்டு ஓனர் போனுக்குத்தான் வரும், அவர் இருப்பது சென்னையில், போனை எடுக்கவே இல்லை. ராத்திரி அந்த அக்காதான் தன் வீட்டிலிருந்து இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கொண்டு வந்து கொடுத்தார். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார்.

வயதானவர்களோடு போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் என்று ஒதுக்கியவை, பெரும்பாலும் சாமான் வைக்கத்தான், ஆட்கள் புழங்கியதெல்லாம் வெளியே பட்டாலை என்கிற திண்ணையில். அந்த அறைகளையே படுக்கையறை ஆக்கியதால் ஜன்னல் பெயருக்குத்தான், ஏசி இல்லாமல் முடியாது, கரண்ட் போனால் கதவைத் திறந்துபோட்டுக் கொசுவோடு படுக்க வேண்டும். வாசலுக்கு வாசல் உயரமான நிலைப்படி. அம்மாவுக்கு முட்டி வலி, பாத்ரூமோ வளவைத் தாண்டி அந்தப் பக்கம், ராத்திரி ஒவ்வொரு தடவையும் யாராவது கூடப் போக வேண்டியிருந்தது. மாடியில் பாத்ரூம் அறைக்குள்ளேயே இருக்கிறதாம், ஆனால் மாடி இன்னொரு பங்காளியுடையது, பூட்டு!

மற்றதெல்லாம் எளிதாகவே முடிந்தது. குடிக்கக் கேன் தண்ணீர் சொன்னவுடன் வந்தது, பால் விடிகாலையில் வாசலுக்கே. வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் வந்து 24 மணி நேரத்துக்குள் தங்குகிற இடத்துக்காரர் ஆன்லைனில் பதிய வேண்டும், அக்காவின் மகன் பாஸ்போர்ட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்ச் சொன்ன நேரத்தில் முடித்துவிட்டான். ஆட்டோ, காய்கறி, எல்லாம் யுபிஐதான். என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் பேங்க் கணக்கு) இருந்தால் சிங்கப்பூர் நம்பரிலேயே யுபிஐ போட்டுக்கொள்ளலாம், 2023லேயே அனுமதித்துவிட்டார்கள், கிளம்பும் முன் உங்கள் பேங்க்கில் கேட்டு முடித்துவிடுங்கள்.

வாடகை அதிகமா என்றால், அந்தத் தூண்களுக்கும் தரைக்கும் கொடுக்கலாம், அடுப்படிக்குக் கொடுக்க முடியாது. இப்படி ஒரு வீடு பார்க்கிறீர்கள் என்றால் முகப்பு போட்டோ வேண்டாம், அது எல்லோரும் அனுப்புவார்கள். அடுப்படி அலமாரியைத் திறந்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், இரண்டாவது சிலிண்டர் இருக்கிறதா, பாத்ரூமுக்கு எத்தனை படி தாண்ட வேண்டும் என்று கேளுங்கள், ஓனர் நம்பரோடு உள்ளூரில் இருப்பவர் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தோசைக்கல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம், அடுத்துப் போகிறவர்கள் அதை வாங்க வேண்டாம்.