மேட்ரிஜெல் பூசிய இன்வேஷன் சேம்பர்: எங்கள் ஆய்வக அனுபவம்

உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா (ஏசிசி), நரம்போரமாக ஊர்ந்து பரவும் பொல்லாத புற்றுநோய். அந்தச் செல்கள் பக்கத்துத் திசுவுக்குள் எப்படி நுழைகின்றன என்று பார்க்க மேட்ரிஜெல் என்ற ஜெல் பூசிய இன்வேஷன் சேம்பரை, அதாவது செல்களின் ஊடுருவலை அளக்கும் சிறு கிண்ணத்தைத்தான் நம்பியிருக்கிறேன்.

8 மைக்ரான் துளைகள் கொண்ட சவ்வு, அதன்மேல் லாமினின், நான்காம் வகைக் கொலாஜன் ஆகிய புரதங்கள் நிறைந்த மேட்ரிஜெல் பூச்சு. செல் சும்மா நழுவி இறங்க முடியாது; எம்எம்பி-2, எம்எம்பி-9 போன்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைச் சுரந்து பூச்சை அரித்தாக வேண்டும். இந்த நொதிகளைத் தடுக்கும் மருந்து சேர்த்த குழியில் கீழே இறங்கிய செல்கள் குறைந்ததைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்!

பூச்சில்லாத சேம்பரையும் சேர்த்தே வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஊடுருவலையும் வெறும் நகர்வையும் பிரித்தறிய வழியில்லை. நொதி உண்மையில் வேலை செய்கிறதா என்பதற்கு ஜெலட்டின் சைமோகிராஃபி (நொதி ஜெலட்டினைச் சிதைக்கிறதா என்று பார்க்கும் சோதனை) தனியாக வேண்டும்.

விலை அதிகம், ஒருமுறைதான் பயன்படும். சுண்டெலிக் கட்டியிலிருந்து எடுக்கும் ஜெல் என்பதால் பேட்ச் மாறினால் முடிவும் கொஞ்சம் மாறலாம். அப்புறம், செல்லின் டிஎன்ஏ அடையாளத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்: பலர் பயன்படுத்திவந்த சில ஏசிசி செல் வரிசைகளில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்கள் கலந்திருந்தது 2009-ல் வெளிவந்தது.