கேஸ் நிரப்பாமல் திருப்பி அனுப்பிய ஏசி பட்டறை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வாடகைக் கார் ஓட்டுகிறேன். மார்கழி பிறந்ததும் ஏசி கம்ப்ரசர் டக்கென்று ஓடுவதும் சற்று நேரத்தில் நிற்பதுமாக இருந்தது. ஒரு பட்டறையில் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கேஸ் தீர்ந்துவிட்டது, கம்ப்ரசரும் போய்விடும் என்றார்கள். மனம் ஒப்பாமல் கோவை சாலையில் உள்ள ஒரு சின்ன ஏசி பட்டறைக்குப் போனேன். தகரக் கொட்டகை, இரண்டு கார் நிற்கும் இடம், அவ்வளவுதான்.

அந்த மெக்கானிக் தம்பி முதலில் இன்ஜினை அணைக்கச் சொல்லி, கம்ப்ரசரின் முன்தட்டில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பெல்ட் மாட்டிய புல்லி எப்போதும் சுற்றும். முன்தட்டைப் புல்லியோடு இணைக்கும் கம்ப்ரசர் கிளட்ச் ஒட்டினால்தான் முன்தட்டும் சேர்ந்து சுற்றும். கோடு மறைந்தால் ஓடுகிறது, தெரிந்தால் நின்றுவிட்டது. எனக்கே கண்ணால் பார்த்துக் கணக்கு வைக்க முடிந்தது.

அடுத்து கேஸின் பிரஷரைக் காட்டும் கேஜ் மாட்டினார். சக்‌ஷன் பக்க (கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கம்) முள் 30 பிஎஸ்ஐ அருகே இறங்கியதும் கிளட்ச் விட்டது, முள் ஏறியதும் மறுபடி பிடித்தது. ஏசி காற்று வரும் துவாரத்தில் வைத்த தெர்மாமீட்டர் 6 டிகிரி காட்டியது.

"கேஸ் சரியாக இருக்கிறதுங்கண்ணா. வெளியே குளிர். கூலிங் காயிலுக்கு இழுக்க வெப்பமே இல்லை. சீக்கிரம் 0 டிகிரியை நெருங்கிவிடும். விட்டால் காயிலில் ஐஸ் கட்டி காற்றே வராது. அதனால் சென்சார் கம்ப்ரசரை நிறுத்துகிறது" என்றார்.

கேஸ் குறைந்தாலும் கம்ப்ரசர் இப்படி விட்டுவிட்டு ஓடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அப்போது பிரஷர் மிகவும் இறங்கி ஸ்விட்ச் துண்டிக்கும், காற்றும் சில்லென்று வராது. கம்ப்ரசருக்குத் திரும்பும் பெரிய குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பனிபோல் குளிர்ந்து வியர்த்திருந்தது.

குன்னூர் மஞ்சில் முன்கண்ணாடி மங்கினால் ஏசியை அணைக்க வேண்டாம், காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது அதுதான், வேண்டுமானால் ஹீட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். மலைப்பாதையில் ஓட்டுகிறவனுக்கு இது உயிர் காக்கும் சொல். உறைபனி விழும் ஊட்டி விடியலில் கம்ப்ரசர் ஓடாமலே இருந்தாலும் பயப்பட வேண்டாமாம். குளிரில் கேஸின் பிரஷரே இறங்கிவிடுகிறது.

செக்கிங்குக்கு 300 ரூபாய் மட்டும் வாங்கினார். காத்திருக்க நாற்காலி இல்லை, ரசீதும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்; இரண்டையும் அவர் சரிசெய்தால் நல்லது. சித்திரை வெயிலில் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். அந்தச் சூட்டிலும் கம்ப்ரசர் இதே வேகத்தில் விட்டுவிட்டு ஓடினால் அப்போது லீக் தேடலாம் என்றார். நிச்சயம் போவேன்.