பெயர்ப்பலகை இல்லாத பட்டறையும் என் ஜிப்சியின் இன்ஜின் மவுண்டிங்கும்

பாலமேட்டிலிருந்து சாத்தையாறு அணைப் பக்கம் போகிற வழியில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. தார் ரோடு முடிந்ததும் ஓர் ஓடையில் இறங்கி ஏற வேண்டும். உருண்டைக் கல், அதன்மேல் மணல், அக்கரையில் சுவர் மாதிரி ஓர் ஏற்றம். அந்த ஓர் ஏற்றத்துக்காகத்தான் 2009 மாடல் மாருதி ஜிப்சியை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன்.

போன தை மாதம் அதே ஏற்றத்தில் ‘தட்’ என்று ஒரு சத்தம். கியர் லிவர் துள்ளிக் கையை உதறியது. ரேடியேட்டர் பக்கம் ஃபேன் எதையோ உரசுகிற சத்தம். பானெட்டைத் தூக்கினால், இன்ஜினை சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) தாங்குகிற இடது பக்க மவுண்டிங் ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்து வாயைப் பிளந்து கிடந்தது. இது இரண்டாவது தடவை, அதுவும் இடது பக்கமே.

ரப்பர்தானே கிழிகிறது, ரப்பரே வேண்டாம் என்று ஆன்லைனில் ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஒரு ஜோடி மவுண்டிங் வரவழைத்தேன். கடினத்தை அளக்கிற ஷோர் ஏ அளவில் 90 என்று பெருமையாக அச்சடித்திருந்தார்கள். மாட்டிய அன்றே வருத்தம் தொடங்கியது. நான்கு சிலிண்டர் இன்ஜின் 850 ஆர்பிஎம்மில் சும்மா நின்றாலே நொடிக்கு 28 முறை உதைக்கும். அத்தனை உதையும் ஸ்டியரிங்குக்கு, சீட்டுக்கு, என் பல்லுக்கு வந்தது. மாட்டுத்தாவணி சிக்னலில் நின்றால் கண்ணாடியில் பின்னால் நிற்கிற ஒரு பஸ் மூன்றாகத் தெரியும். சரி, பழகிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மூன்றாம் மாதம் சேஸில் இருக்கிற பிராக்கெட்டின் வெல்டிங் ஓரமாக முடி மாதிரி ஒரு விரிசல். விற்றவர்களிடம் கேட்டால், “மவுண்டிங்குக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று பதில். உண்மைதான், அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

அப்போதுதான் கே.புதூர் சிட்கோ பக்கத்துப் பட்டறையைப் பற்றித் தோப்புக்கு டிராக்டர் ஓட்ட வருகிறவர் சொன்னார். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பழைய லேத், வெல்டிங் செட், வாசலில் வேப்பமரம், அதன் நிழலில் ஒரு கால் போன பிளாஸ்டிக் நாற்காலி. பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவரும் அவர் மகனும் மட்டும்தான் வேலை.

விரிசலைப் பார்ப்பதற்கு முன் அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. மகனை வண்டியில் ஏறச் சொன்னார். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கை மிதித்தபடி முதல் கியரில் கிளட்ச்சை மெதுவாக விடச் சொன்னார். பிறகு ரிவர்ஸில் அதேபோல. வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்ல ரப்பரா இருந்தா ஒரு விரல் கனம் எந்திரிக்கும் தம்பி. உங்களது எந்திரிக்கவே மாட்டேங்குது. அப்ப அந்த வேகம் எங்க போகும்? பிராக்கெட்டுக்குத்தான் போகும்” என்றார்.

இடது பக்கம் மட்டும் ஏன் கிழிகிறது என்றும் அவர்தான் விளக்கினார். ஓட்டுகிற சீட்டிலிருந்து பார்த்தால் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் இடது பக்கமாகச் சுற்றுகிறது. இன்ஜின் அதற்கு எதிராக வலது பக்கம் சாயப் பார்க்கும். வலது ரப்பர் நசுங்கும், இடது ரப்பர் மேலே இழுபடும். நசுங்குவதை ரப்பர் எத்தனை வருடமானாலும் தாங்கும். இழுபட்டால் தகட்டோடு ஒட்டிய இடத்தில்தான் விடும். 1.3 லிட்டர் ஜிப்சியின் முறுக்குவிசை 103 நியூட்டன் மீட்டர்தான், ஆனால் முதல் கியரில் அது மூன்றரை மடங்குக்கு மேல் பெருகுகிறது. அந்த எதிர்விசையை இன்ஜினும் கியர் பாக்ஸும் உட்கார்ந்திருக்கிற ரப்பர்கள்தான் வாங்க வேண்டும்.

ஏற்றத்தில் இழுவையைக் கூட்டுகிற ‘லோ’வில் போடுவதால்தான் கிழிகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் சிரித்துவிட்டார். ஜிப்சியில், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற, லோ கியரும் உள்ள டிரான்ஸ்பர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியதில்லை, நடுவில் ஒரு குட்டி புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிரான்ஸ்பர் கேஸுக்குத் தனியாக மூன்று ரப்பர். லோவில் கூடுகிற இழுவை அந்த மூன்றுக்குத்தான். இன்ஜின் ரப்பரைக் கிழிப்பது சக்கரம் கல்லில் சிக்கி நிற்கும்போது நான் கிளட்ச்சைப் படக்கென்று விடுவது. முகத்துக்கு நேராகச் சொன்னார்.

வேலை இதுதான். பாலியூரித்தேனைக் கழற்றித் தூர வைத்துவிட்டு, கம்பெனி ரப்பரே ஒரு ஜோடி வாங்கி வரச் சொன்னார். விரிசலை கிரைண்டரில் ‘வி’ மாதிரி தோண்டி வெல்டு வைத்து, பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் 5 எம்எம் தகட்டில் முக்கோணத் தாங்கு கொடுத்தார். இடது மவுண்டிங்குக்கு மேலே 6 எம்எம் பட்டையை வளைத்து ஒரு வளையம். இன்ஜினிலிருந்து மவுண்டிங்குக்கு நீளுகிற இரும்புக் கைக்கும் வளையத்துக்கும் நடுவே அரை விரல் இடைவெளி. சாதாரணமாக ஓடும்போது ரப்பர் மட்டும் வேலை செய்யும், அதிர்வு உள்ளே வராது. இன்ஜின் எகிறினால் வளையம் பிடித்துக்கொள்ளும். ரப்பரே அறுந்தாலும் இன்ஜின் இடத்தை விட்டு எழும்பாது. இரும்பில் இரும்பு மோதிச் சத்தம் வராமல் இருக்க வளையத்துக்குள் கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்றை போல்ட் போட்டு வைத்தார், மேலூர்ப் பக்கத்து கிரஷரில் கழித்துப் போட்ட பெல்ட்டாம். ஒரு பக்கம் சங்கிலி போட்டுக் கட்டுகிற பழைய வைத்தியம் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், தளர்வாகக் கட்டினால் சுண்டி இழுத்து பிராக்கெட்டைப் பிய்க்கும் என்றார்.

வெல்டிங் வைப்பதற்கு முன் நான் சொல்லாமலே பேட்டரி வயரைக் கழற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான ஈசியுவின் சாக்கெட்டையும் உருவி வைத்தார். எம்பிஎஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் சொல்லி பெட்ரோலைப் பீய்ச்சுகிற வண்டியில் இதைச் செய்யாமல் வெல்டு வைத்து ஈசியு போனால், அதன் செலவுக்கு முன் மவுண்டிங் செலவு ஒன்றுமே இல்லை. வால்வ் கவரிலிருந்து கசிந்த ஆயிலையும் அவரே காட்டினார். மவுண்டிங்கில் இருக்கிற ரப்பருக்கு ஆயில் ஆகாது, ஊறி உப்பிக் கூழாகிவிடும். பேக்கிங் மாற்றச் சொன்னார், மாற்றினேன்.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என்றவர் எட்டு நாள் ஆக்கினார். பாதித் தப்பு என்னுடையது. சித்திரைத் திருவிழா வாரத்தில் புதூரில் வண்டியைக் கொடுத்தவனை என்ன சொல்வது? மூன்றுமாவடியில் எதிர்சேவை, அதற்கு அடுத்த நாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார், பட்டறையில் ஈ காக்கை இல்லை. போனை எடுக்க மாட்டார்கள். பில் கிடையாது, வெள்ளைத்தாளில் கணக்கு. வெல்டு வைத்த இடத்துக்கு பெயின்ட் அடிக்கவில்லை. பத்தே நாளில் துரு பிடித்தது, நானே ரெட் ஆக்சைடு வாங்கி அடித்தேன். கூலியும் தகடும் சேர்த்து 3,800 ரூபாய், ரப்பர் என் செலவு.

மாம்பழம் இறக்கிய இரண்டு மாதமும் ஓடையில் தினம் இரண்டு நடை. கியர் லிவர் கையை உதறவில்லை. சிக்னலில் கண்ணாடியில் ஒரு பஸ் ஒரு பஸ்ஸாகவே தெரிகிறது. ஏற்றத்தின் உச்சியில் மட்டும் எப்போதாவது ‘தொப்’ என்று மெத்தையில் குத்தின மாதிரி ஒரு சத்தம் வரும், கன்வேயர் பெல்ட்டில் இன்ஜின் போய் இடிக்கிறது.

இப்போது டிரான்ஸ்பர் கேஸ் ரப்பர் மூன்றும் தொங்கத் தொடங்கியிருக்கின்றன. ஆடி பிறந்ததும் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நான்கு நாளாக போன் அடிக்கிறேன், எடுக்கவில்லை.