லேசர் ஆப்டிக்ஸ் எக்செல் ஷீட் என்று 14,800 ரூபாய் போச்சு. மாவட்டத்தில் லேசர் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு எக்செல் ஃபைலுக்கு 14,800 ரூபாய். இன்று காலையில் அந்த ஆள் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டான். வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாகர்கோவிலில் சின்ன லேசர் கட்டிங் கடை வைத்திருக்கிறேன். ஆக்ரிலிக், பிளைவுட், பெயர்ப்பலகை வேலைகள். பெரிய பெட் (பொருளை வைத்து வெட்டுகிற மேடை) வைத்து ஒரு சிஓ2 லேசர் மெஷின் நானே கட்டிக்கொண்டிருந்தேன். டியூப்பிலிருந்து லென்ஸ் வரை பீம் போகிற தூரம் ஒரு மூலையில் 80 செ.மீ, எதிர் மூலையில் இரண்டரை மீட்டர். போகப்போக பீம் விரியும், அதனால் ஃபோகஸும் வெட்டின் தடிமனும் மூலைக்கு மூலை மாறும். நடுவில் பீம் எக்ஸ்பாண்டர் (பீமை முதலிலேயே அகலமாக்கி, போகப்போக விரிவதைக் குறைக்கிற லென்ஸ் அமைப்பு) போட வேண்டுமா என்று கணக்குப் பார்க்கத்தான் இந்த ஷீட்டைத் தேடினேன். இன்ஜினியரிங் டெம்ப்ளேட் விற்கிற ஆன்லைன் கடை ஒன்று கண்ணில் பட்டது.

போன் போட்டால் எடுத்தவன் நம்ம ஊர்ப் பேச்சு! "அண்ணே, எங்க அம்மைக்கு ஊரு தக்கலையாக்கும், நம்ம ஆளுக்கு மோசம் செய்வேனா" என்றான். ஸ்கிரீன் ஷேரில் லென்ஸை இங்கும் அங்கும் நகர்த்திக் காட்டினான், பீம் கோடு அதற்கேற்ப ஒடுங்கி விரிந்தது, பார்க்க ஜோராக இருந்தது, அவன் டீ குடித்துக்கொண்டே என் பெட் அளவையெல்லாம் விசாரித்தான். அங்கேயே ஜிபே செய்துவிட்டேன். பில் கேட்டதற்கு, "மெயில்ல வரும்ணே." இன்றுவரை வரவில்லை.

ஷீட்டில் பீம் விட்டம் 4 மி.மீ என்று போட்டேன். இரண்டரை மீட்டரில் வெறும் 13 சதவீதம்தான் விரியும், எக்ஸ்பாண்டர் தேவையில்லை என்றது. நம்பி மெஷினை முடித்தேன். வெட்டிப் பார்த்தால் எதிர் மூலை சொதப்பல்.

அக்கா மகள் இயற்பியல் முதுகலை படிக்கிறாள். பீம் அதிகம் விரியாமல் போகிற தூரத்துக்கு ராலே தூரம் என்று பெயராம். அதைக் கையாலேயே போட்டாள்: π (பை) என்ற எண்ணை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுக்க வேண்டும். ஆரம் 2 மி.மீ, அலைநீளம் 10.6 மைக்ரான், ராலே தூரம் சுமார் 1.19 மீட்டர். ஷீட் காட்டியது 4.74. "மாமா, ஆரம் வேண்டிய இடத்துல விட்டத்தைப் போட்டிருக்கான், சரியா நாலு மடங்கு." நிஜத்தில் அந்தத் தூரத்தில் பீம் இரண்டு மடங்குக்கு மேல் விரிகிறது. அதைவிடக் கொடுமை, பீம் தரத்துக்கான எம் ஸ்கொயர் என்ற கட்டத்தில் 1 போட்டாலும் 3 போட்டாலும் விடை அசையவே இல்லை. கட்டம் சும்மா அழகுக்கு! ஃபார்முலா எல்லாம் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறது, திறந்து திருத்தவும் முடியாது.

சொன்னதும் முதலில் "மேக்ரோவை எனேபிள் பண்ணுங்கண்ணே". அப்புறம் "உங்க எக்செல் பழசு". அப்புறம் "டெக்னிக்கல் டீம் பார்க்கிறாங்க". கையால் போட்ட கணக்கை ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். "உங்க டியூப்தான் மட்டம் சார்" என்று பதில் வந்தது. அண்ணன் போய் சார் ஆகிவிட்டேன், பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாதாம். 14,800 ரூபாய்க்கு ஆரமும் விட்டமும் தெரியாத ஒரு ஷீட், இதில் என் டியூப்பைக் குறை சொல்கிறான்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

சரி, பார்க்க வேண்டியவை. ஃபார்முலா பூட்டியிருந்தால் வாங்காதீர்கள். டெமோவில் அவன் எண்ணை விட்டுவிட்டு, மேலே சொன்ன 2 மி.மீ ஆரக் கணக்கைப் போடச் சொல்லுங்கள், 1.19 வர வேண்டும். எம் ஸ்கொயரை மாற்றச் சொல்லுங்கள். பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். இன்னும் இருக்கிறது, கடையில் ஆள் வந்து நிற்கிறார். தக்கலைப் பேச்சில் யாராவது ஆப்டிக்ஸ் ஷீட் விற்க வந்தால் போனை வைத்துவிடுங்கள்.