பாண்டியில் லென்ஸ் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு: டெபாசிட் இப்படித்தான் போகிறது

மார்கழி, தை சீசனில் வேலைக்காக ஈசிஆர் வழியாக பாண்டி வந்து, லென்ஸை இங்கேயே வாடகைக்கு எடுக்கும் போட்டோகிராபர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எங்கள் வட்டத்தில் ஒருவர் பிச்சாவரத்தில் படமெடுக்க 70-200 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தார். திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் டார்ச் அடித்து உள்ளே ஃபங்கஸ் (பூஞ்சை) இருப்பதைக் காட்டினார். "கடல் காத்துல வச்சிருந்திருக்கீங்க சார், சர்வீஸ் செலவு உங்களோடதுதான்" என்று டெபாசிட் முழுவதையும் பிடித்துக்கொண்டார். பில்லும் தரவில்லை, டெபாசிட்டுக்கு ரசீதும் கிடையாது.

இரண்டு நாளில் ஃபங்கஸ் படராது. ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல் நீடித்து, லென்ஸ் காற்றோட்டமில்லாமல் வாரக்கணக்கில் கிடந்தால்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கடலூர், புதுச்சேரிக் கரையை ஈரத்திலேயே வைத்திருக்கிறது. அந்த மாதங்களில் சாதாரண அலமாரியில் கிடந்த லென்ஸ்தான் சீசனில் உங்கள் கைக்கு வருகிறது. கடையில் ட்ரை கேபினட் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) இருக்கிறதா, அதன் ஈரப்பத மீட்டர் 40 முதல் 50 சதவீதத்துக்குள் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனால் கண்ணாடியில் படியும் நீராவி வேறு விஷயம். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்தால் அது படியாது. கடைக்காரர் இந்த நீராவியையும் ஃபங்கஸையும் ஒன்றாக்கிப் பேசினால் நம்பாதீர்கள்.

லென்ஸை வாங்கும்போதே, பணம் கொடுப்பதற்கு முன், நிழலான இடத்தில் வைத்துச் சோதியுங்கள். முன், பின் மூடிகளைக் கழற்றி, பின்பக்கமிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்தும் பாருங்கள். நேராக அடித்தால் கண்தான் கூசும், ஒன்றும் தெரியாது. ஜூம் வளையத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே பார்த்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் தெளியும். பின்னால் சிறிய நெம்புகோல் உள்ள நிக்கான் லென்ஸில் அபர்ச்சர் (ஒளி நுழையும் துவாரம்) மூடியபடியே இருக்கும். நெம்புகோலைத் தள்ளிப் பிடிக்காமல் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். சிலந்தி வலைபோல் கிளைவிட்ட மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். பரவலான வெண்மங்கல் என்றால் ஹேஸ். ஓரத்தில் பல நிற வளையம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கியிருக்கலாம். நாலைந்து தூசிப் புள்ளிகள் எல்லா லென்ஸிலும் உண்டு, அதை விட்டுவிடலாம்.

பழைய ஃபங்கஸ் சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சான கோட்டிங்கையே அரித்துவிடும். அப்புறம் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. ராக் பீச்சில் சூரிய உதயத்துக்கு எதிரே பிடித்தால் கான்ட்ராஸ்ட் செத்து, படம் வெளிறிவிடும். அப்படி ஒரு லென்ஸை வாங்கினால் டெபாசிட்டோடு வேலையும் கெடும்.

மவுண்ட்டில் (லென்ஸ் கேமராவோடு பொருந்தும் வளையத்தில்) உள்ள திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் லென்ஸை யாரோ திறந்திருக்கிறார்கள். கேமராவில் மாட்டி, அபர்ச்சரை முழுதாகத் திறந்து எஃப் 2.8-ல் செங்கல் சுவர் ஒன்றை நேர் எதிரே நின்று எடுத்து, நான்கு மூலையும் ஒரே கூர்மையில் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம்.

டார்ச் சோதனையை வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். சீரியல் எண்ணும், கொடுப்பவர் குரலும் அதில் வரட்டும். எடுக்கும்போது ஒன்று, திருப்பிக் கொடுக்கும்போது கடையிலேயே இன்னொன்று. சீரியல் எண், டெபாசிட் தொகை, திருப்பித் தரும் நாள் மூன்றும் ரசீதில் இருக்க வேண்டும். "இங்க யாரும் ரசீது கேக்கறதில்ல" என்று சொல்லும் கடையில் எடுக்கவே வேண்டாம். டெபாசிட்டை யூபிஐயில் அனுப்பி, குறிப்பில் 'லென்ஸ் டெபாசிட்' என்று எழுதுங்கள். அசல் ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ அடகுபோல் விட்டுவிட்டு வராதீர்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரின் நகல் போதும்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால், எந்தப் பழுதுக்கு எவ்வளவு என்று சர்வீஸ் சென்டர் பில்லை எழுத்துமூலம் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். தொழிலுக்காக எடுத்தது என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும், அதற்கு வழக்கறிஞரிடம் கேட்டுத் தயாராகுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை பாண்டியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம்.